பூசணி செத்துப்போச்சா? ஸ்டார்டியூ வேலியில் அறிகுறி பார்த்து பிழை பிடிப்பது

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். "சித்தி, பூசணி மொத்தமும் செத்துருச்சு. தினமும் தண்ணி விட்டேன், ஒரு நாள்கூட தவறலை. கேம்ல ஏதோ பக் இருக்கு." என்னைக்குடா நட்டே என்று கேட்டேன். "16." அதோடு விசாரணை முடிந்தது. பூசணிக்கு 13 நாள் வேண்டும், 16-ல் நட்டால் 29-ல்தான் காய்க்கும், இந்த கேமில் ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். விதை ஒன்று 100 கோல்டு, அவன் நட்டது 40. ஆக 4000 கோல்டு மண்ணோடு மண்.

அவனுக்குச் சொன்னதையும், என்னுடைய மூன்று தோட்டங்களில் நானே செய்த சொதப்பல்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஸ்டார்டியூ வேலி (இந்த வேலி பள்ளத்தாக்கு, முள்வேலியும் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவும் இல்லை) எரிக் பரோன் என்ற ஒரே ஆள், படம் இசை கதை எல்லாவற்றையும் தனியாக நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்ட கேம். பார்க்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். உள்ளே கணக்கு கறார். எதையும் உடைத்தும் சொல்லாது, அதனால் தப்பு எங்கே என்று தெரியாமலே ஒரு வருடம் ஓட்டுகிறவர்கள் நிறைய.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். காசில்லை, நேரமில்லை, சுரங்கம் போக முடியவில்லை என்று என்னிடம் வருகிற புகாரில் பெரும்பாதி, தோண்டிப் பார்த்தால் தண்ணீர்ப் பிரச்சினைதான். பூவாளியைத் தூக்கிக்கொண்டு அரை நாள் அலைகிற வரைக்கும் மற்ற எதுவும் சரியாகாது.

செடி போச்சு

எப்படிப் போச்சு என்பதைப் பொறுத்து மூன்று வியாதி. முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று: நேற்று வரை பச்சையாக இருந்தது, இன்று காலை வயல் முழுக்கக் காய்ந்த குச்சி. தேதியைப் பாருங்கள், 1 என்று இருக்கும். பருவம் மாறிவிட்டது, அவ்வளவுதான். சோளம், சூரியகாந்தி, கோதுமை மாதிரி கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நிற்கிற சில பயிர்களைத் தவிர மற்றது எல்லாம் அன்று சாகும். நடும் தேதியோடு வளரும் நாளைக் கூட்டுங்கள், 28-ஐத் தாண்டினால் நடாதீர்கள். பூசணி 13 நாள், 15-ம் தேதியோடு கடைசி. முலாம்பழமும் காலிஃபிளவரும் 12 நாள், 16 வரை நடலாம். இது ஒரு நாள்கூட தண்ணீர் தவறாமல் விட்டால் வரும் கணக்கு, ஆகவே ஒன்றிரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டது, ஆனாலும் ஆசை விடவில்லை என்றால், வளர்ச்சியை வேகப்படுத்தும் ஸ்பீடு குரோ உரம் போட்டுவிட்டு நடுங்கள், ஒன்றிரண்டு நாள் குறையும்.

இரண்டு: மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, நடுவில் ஒன்றிரண்டு கட்டம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. காக்கா. தோட்டத்தில் 16 செடிக்கு ஒரு காக்கா என்ற கணக்கில் வாய்ப்பு ஓடுகிறது, அதிகபட்சம் நான்கு. ஆரம்பத்தில் கேம் உங்கள் கையில் கொடுப்பது சரியாக 15 பார்ஸ்னிப் விதை என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். பதினாறாவது செடி நடும் அன்று சோளக்கொல்லை பொம்மை ஒன்று நட்டுவிடுங்கள். விவசாயத்தில் லெவல் 1 வந்ததும் செய்முறை கிடைக்கும்: 50 மரம், 1 நிலக்கரி, 20 நார். அது காப்பது சுற்றி 8 கட்டம், அதுவும் வட்டமாக. சதுரமாக நினைத்து மூலை வரைக்கும் நட்டுவிட்டு மூலையில் மட்டும் காணோம் என்று தேடாதீர்கள்.

மூன்று: செடி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை. இதுதான் நிறைய பேரைக் குழப்புவது. நிஜத் தோட்டத்தில் தண்ணீர் விடாவிட்டால் வாடும், இங்கே வாடாது, சாகாது, சும்மா நின்றுகொண்டே இருக்கும். விடாத ஒவ்வொரு நாளும் அறுவடையை ஒரு நாள் தள்ளும். கண்ணுக்குத் தெரியாததால் நான்கைந்து நாள் இப்படிப் போய்விடும், கடைசியில் பருவம் முடிந்து முதல் வியாதியில் சாகும். காலை 6 மணிக்கு எழுந்ததும் மண்ணின் நிறத்தைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் கருப்பு, இல்லையென்றால் வெளிறிய பழுப்பு.

பூவாளியிலேயே நாள் போகிறது, மதியத்துக்குள் எனர்ஜி காலி

எனர்ஜி 270-ல் ஆரம்பிக்கிறது. ஒரு கட்டத்துக்குத் தண்ணீர் விட 2 போகும், மண்வெட்டி ஒரு போடு போட்டால் 2, கோடாலியும் பிக்காக்ஸும் அப்படியே. தூண்டில் ஒருமுறை வீசினால் 8. லெவல் ஏற ஏற கொஞ்சம் குறையும், ஆனால் முதல் மாதத்தில் அந்தச் சலுகை கைக்கு எட்டாது.

இப்போது 60 செடி நட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மட்டும் 120, கிட்டத்தட்ட பாதி. பூவாளியில் 40 கட்டத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும், நாற்பதாவது செடியில் தீர்ந்துபோய் குளத்துக்கு நடந்து, நிரப்பி, திரும்பி வந்து, எந்தச் செடியில் விட்டோம் என்று தேடி... கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருக்கும். எனர்ஜி 0-ஐத் தொட்டால் இன்னும் மோசம், அன்று சோர்ந்துபோவதோடு மறுநாள் பாதி எனர்ஜியோடுதான் எழுவீர்கள். அகல உழுவதை விட ஆழ உழு என்று ஊரில் சொல்வார்களே, முதல் வசந்தத்துக்கு அதுதான். 30, 35 செடிக்கு மேல் கையால் தண்ணீர் விடப் பார்க்காதீர்கள்.

தற்காலிக மருந்து: சாப்பாடு. வசந்தம் 15 முதல் 18 வரை ஊர் முழுக்கப் புதர்களில் சால்மன்பெர்ரி காய்த்துத் தொங்கும், ஒன்று தின்றால் 25 எனர்ஜி. நான்கு நாளும் புதர் புதராக உலுக்கி ஒரு பெட்டி நிறைய சேர்த்துவிட்டால் கோடை பாதி வரை ஓடும். இதை விற்காதீர்கள், விற்றால் கிடைப்பது சொற்பம்.

நிரந்தர மருந்து ஸ்பிரிங்க்ளர். பூவாளியை மேம்படுத்துவதை விட இதற்குத்தான் நான் முன்னுரிமை கொடுப்பேன், இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும். மேம்படுத்திய பூவாளியையும் நீங்கள்தானே தூக்க வேண்டும்? விவசாய லெவல் 6-ல் கிடைக்கும் தரமான ஸ்பிரிங்க்ளர் சுற்றியுள்ள 8 கட்டத்துக்கும் தண்ணீர் தெளிக்கும். ஒன்றுக்கு ஒரு இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ். பத்து வைத்தால் 80 செடி, தினமும் 160 எனர்ஜி மிச்சம். இரும்பு சுரங்கத்தில் 40-வது தளத்துக்குக் கீழே, தங்கம் 80-க்குக் கீழே. முதல் கோடையில் விதைக்குப் போடும் காசில் கொஞ்சத்தைக் குறைத்தாவது 80-வது தளத்துக்குப் போய்விடுங்கள்.

பூவாளியை மேம்படுத்தியே தீருவேன் என்றால் ஒரு வழி சொல்கிறேன். கொல்லர் கிளின்ட் அதை இரண்டு நாள் வைத்துக்கொள்வார், அந்த இரண்டு நாள் வயல் காயும். அதனால் டிவியில் நாளைக்கு மழை என்று சொல்லும் அன்று, காலையில் தண்ணீர் விட்டுவிட்டு, மாலை 4 மணிக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள் (4 மணிக்குக் கடை சாத்திவிடுவார், 4:10-க்குக் கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை). மறுநாள் மழை பார்த்துக்கொள்ளும். அதற்கு அடுத்த நாள் 9 மணிக்குக் கடை திறந்ததும் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாம். செம்புக்கு 2000 கோல்டும் 5 செம்புக் கட்டியும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்த பிறகும் சில செடி வளரவில்லை

முதல் வகை ஸ்பிரிங்க்ளர், அதாவது லெவல் 2-ல் வருவது, நான்கு பக்கமும் ஒவ்வொரு கட்டம்தான் தெளிக்கும். கூட்டல் குறி மாதிரி. அதைச் சுற்றி எட்டு செடி நட்டால் நான்கு மூலையும் காயும். இது ஒன்று. இன்னொன்று, ஸ்பிரிங்க்ளர் வேலை செய்வது காலையில் மட்டும். இன்று மதியம் வைத்து இன்றே நட்டால், இன்றைய தண்ணீரை நீங்கள்தான் கையால் விட வேண்டும்.

பந்தல் கொடி (பீன்ஸ், ஹாப்ஸ், திராட்சை) நடுகிறவர்கள் வேறொரு இடத்தில் மாட்டுவார்கள். அதன் ஊடே நடக்க முடியாது. அடர்த்தியாக ஒரு சதுரம் நட்டால் உள்ளே இருப்பதைப் பறிக்க வழியே இருக்காது. இரண்டு வரிசைக்கு ஒரு நடைபாதை விடுங்கள்.

வசந்தம் முடிகிறது, கையில் காசு சேரவில்லை

விதையில் முடங்கியிருக்கும். காலிஃபிளவர் 80-க்கு வாங்கி 175-க்கு விற்கலாம் என்று பார்த்தவுடன் ஆரம்பத்தில் கிடைக்கும் 500 கோல்டையும் அதில் போட்டுவிடுவார்கள், அது 12 நாள் கழித்துத்தான் காசாகும், அதுவரை சும்மா உட்கார வேண்டியதுதான். முதல் பத்து நாளுக்குச் சுழல்கிற பயிர்தான் வேண்டும். பார்ஸ்னிப் 20-க்கு வாங்கி 4 நாளில் 35. உருளைக்கிழங்கு 50-க்கு வாங்கி 6 நாளில் 80, சில சமயம் ஒரே செடியில் இரண்டு கிழங்கு விழும். கேல் 70-க்கு வாங்கி 6 நாளில் 110. ஊர்ச் சமுதாயக்கூடத்தைச் சரிசெய்யக் கேட்கும் பொருட்களில் ஒன்றாகக் கொடுக்க ஒரு காலிஃபிளவர் மட்டும் போட்டுவைத்தால் போதும்.

அடுத்து 13-ம் தேதி முட்டைத் திருவிழா. அங்கே மட்டும் கிடைக்கும் ஸ்ட்ராபெர்ரி விதை, ஒன்று 100. இதற்காகக் காசு சேர்த்துவையுங்கள். திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும்போது இரவு 10 மணி ஆகியிருக்கும், அதனால் காலையிலேயே மண்ணைக் கொத்தித் தண்ணீரும் விட்டுத் தயாராக வைத்துவிட்டுப் போங்கள். அன்று இரவே நட்டால் 21, 25 என்று இரண்டு பறிப்பு, செடிக்கு 240. அதே விதையைப் பெட்டியில் போட்டு அடுத்த வருடம் வசந்தம் 1-ல் நட்டால் ஐந்து பறிப்பு, 600. நான் பாதியை நட்டு பாதியை வைத்துக்கொள்வேன்.

கோடையில் புளூபெர்ரி, இலையுதிர் காலத்தில் கிரான்பெர்ரி. இரண்டும் ஒருமுறை நட்டால் திரும்பத் திரும்பக் காய்ப்பவை. நடத் தாமதமானால் பறிப்பு குறையும், ஆகவே முந்தின மாதம் 28-ம் தேதி கையில் காசு இருக்கட்டும்.

இரவு 2 மணிக்கு மயங்கி விழுகிறேன்

கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு போகும், அதிகபட்சம் 1000 கோல்டு. ஆரம்பத்தில் வலிக்கும். காசு நிறைய வந்தபின் பொருட்டே இல்லை, ஆனால் மறுநாள் எனர்ஜி முழுசாக நிரம்பாது. நள்ளிரவைத் தாண்டிப் படுத்தாலே கொஞ்சம் குறையும்.

கேமில் 10 நிமிடம் என்பது நிஜத்தில் சுமார் 7 நொடி, ஒரு நாள் மொத்தமும் சுமார் 14 நிமிடம். தனியாக ஆடும்போது பையைத் திறந்தால் கடிகாரம் நிற்கும், யோசிப்பது எல்லாம் பையைத் திறந்து வைத்துக்கொண்டு யோசியுங்கள். கூட்டாக ஆடினால் நிற்காது. சுரங்கத்துக்கு மழை நாளில் போங்கள், தண்ணீர் விடும் வேலை இருக்காது, காலை ஆறரைக்கே கிளம்பலாம். லிஃப்ட் ஐந்து தளத்துக்கு ஒன்றுதான், அதனால் இரவு 11 மணிக்கு 33-ல் நிற்கிறீர்கள் என்றால் 35-ஐத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள், 38-ல் நிற்பதாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அது மறுநாள் 35 தான்.

மீன் சிக்கவே இல்லை

மீன் கடித்ததும் திரையில் வரும் பச்சைப் பட்டையை மீனோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். இதில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பட்டனை அழுத்திப் பிடிப்பது, பச்சைப் பட்டை மேலே பறக்கும், விட்டவுடன் கீழே போய் முட்டி எகிறும், மீன் நடுவில் உட்கார்ந்து சிரிக்கும். அழுத்திப் பிடிக்காதீர்கள். கடகடவென்று சின்னச் சின்னதாகத் தட்டுங்கள், பட்டை ஒரே இடத்தில் மிதக்கும். கீழே இறக்கும்போது தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஒரு தட்டு, எகிறாது. விரலுக்குப் பழக இரண்டு நாள் ஆகும்.

அதுவரை வில்லியின் மீன் கடையில் 25 கோல்டுக்குப் பயிற்சித் தூண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டை பெரிதாக வரும், சாதாரண மீன்தான் சிக்கும், லெவல் ஏற அது போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அதில்தான் ஆரம்பித்தேன்.

கோழி முட்டை போடவில்லை

தீவனத் தொட்டியைப் பாருங்கள். காலியா? அதுதான் காரணம். இங்கே பசியில் சாகாது, கோபித்துக்கொண்டு முட்டையை நிறுத்திவிடும். மழையிலும் குளிர்காலத்திலும் வெளியே மேயப் போகாது, அப்போது வைக்கோல் வைத்தே ஆக வேண்டும்.

இதன் வேர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இருக்கும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று புல்லை எல்லாம் அரிவாளால் வெட்டித் தள்ளியிருப்பீர்கள். சைலோ (வைக்கோல் சேமிக்கும் கிடங்கு) இல்லாமல் வெட்டினால் ஒரு துளி வைக்கோல் வராது. முதலில் சைலோ (100 கோல்டு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி), அப்புறம்தான் கோழிக்கூடு, அப்புறம்தான் அரிவாள். ஒரு சைலோவில் 240 வைக்கோல் நிற்கும். நான்கு கோழி, நான்கு மாடு, குளிர்காலம் 28 நாள்: 224. ஒரு சைலோ நிரம்பியிருந்தால் கச்சிதமாகப் போதும். இல்லையென்றால் கால்நடை விற்கும் மார்னியிடம் ஒன்று 50 கோல்டு கொடுத்து வாங்க வேண்டும், முட்டை விற்ற காசு முட்டைக்கே போகும்.

எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே மாட்டிக்கொண்ட கோழி காலையில் இல்லாமலே போகலாம்.

கடை பூட்டியிருக்கிறது

விதைக்கடை பியேருக்கு விடுமுறை புதன்கிழமை. மார்னி திங்கள், செவ்வாய். தச்சர் ராபின் செவ்வாய். பிறகு திருவிழா நாட்கள். செவ்வாய்க்கிழமை அறுவடை வருகிறது என்றால் மறுநடவுக்கான விதையை அன்றே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வியாழன் வரை நிலம் சும்மா கிடக்கும்.

விளைச்சல் கொட்டுகிறது, பணம் மட்டும் ஏறவில்லை

பச்சையாக விற்கிறீர்கள். பீப்பாயில் போட்டால் பழம் ஒயினாகி மூன்று மடங்கு விலை, சுமார் ஒரு வாரம் ஆகும். ஊறுகாய் ஜாடியில் போட்டால் இரண்டு மடங்கோடு 50 கோல்டு, இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். புளூபெர்ரி 50 கோல்டு: ஒயின் 150, ஜாமும் 150. ஒரே விலைக்கு எதற்கு ஒரு வாரம் காத்திருப்பது? மலிவான பழம் ஜாடிக்கு, முலாம்பழம் மாதிரி விலையுள்ளது பீப்பாய்க்கு.

இங்கே பலரும் தெரியாமல் காசை விடுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே போடும் பழத்தின் தரம் ஒயின் விலையை மாற்றாது. தங்க நட்சத்திர முலாம்பழத்தை அப்படியே விற்றால் 375, சாதாரணமானது 250. பீப்பாயில் போட்டால் இரண்டுமே 750. ஆகவே நட்சத்திரம் போட்டதை விற்றுவிடுங்கள், மொக்கையை ஊறப் போடுங்கள். விவசாயம் லெவல் 5-ல் கேட்கும் தொழிலில் டில்லர் எடுத்தால் 10-ல் ஆர்ட்டிசன் என்ற தொழில் கிடைக்கும், இந்தப் பொருட்களுக்கு எல்லாம் 40 சதவீதம் கூடுதல் விலை. ஆட்டையும் மாட்டையும் நம்பி இருப்பவர்கள்கூட இதையே எடுக்கலாம், சீஸும் மயோனைஸும் இதில் சேர்த்திதான்.

பீப்பாய்க்கு ஓக் பிசின் வேண்டும், அது மெதுவாகத்தான் ஊறும். பீப்பாய் செய்முறை வரும் விவசாய லெவல் 8 வரை காத்திராமல் முதல் கோடையிலேயே நான்கைந்து ஓக் மரத்தில் பிசின் வடிக்கும் டேப்பர் மாட்டிவிடுங்கள்.

பழமரம் வளரவே மாட்டேன் என்கிறது

கன்றைச் சுற்றி எட்டுக் கட்டமும் காலியாக இருக்க வேண்டும், 28 நாளும். பக்கத்தில் அழகுக்கு என்று ஒரு கல் பாதை போட்டிருப்பீர்கள் பாருங்கள், எடுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை

மாட் (mod, கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்பு) போட்டிருந்தால் அதுதான். 2024 மார்ச்சில் கணினிக்கு 1.6 வந்தபோது பழைய மாட் நிறைய படுத்துவிட்டது. மாட்களை ஏற்றித் தரும் ஸ்மாபியின் கருப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் எது உடைந்தது என்று பெயரோடு வரும், பயந்து மூடாமல் படியுங்கள். அந்த மாட்-ஐ மட்டும் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அதற்கும் முன்னால் சேவ் கோப்புறையை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், இதில் சோம்பல்பட்டு ஒருமுறை இரண்டரை வருடத் தோட்டம் போனது எனக்கு.

இன்றைய நாள் முழுக்கச் சொதப்பல், திரும்ப ஆடலாமா

ஆடலாம். கேம் சேவ் ஆவது படுக்கும்போது மட்டும். சுரங்கத்தில் அடிவாங்கிப் பொருளை இழந்தாலும் சரி, தப்பான விதை வாங்கினாலும் சரி, படுக்காமல் முகப்புத் திரைக்குப் போய் மறுபடி திறங்கள், அதே நாள் காலை 6 மணி. கணினியில் நான் இதை வெட்கமில்லாமல் செய்கிறேன். அக்கா பையன் இதை ஏமாற்று வேலை என்கிறான். "அப்போ பூசணியை எதுக்குடா பக் கணக்குல எழுதினே?" என்றேன், போனை வைத்துவிட்டான்.